மூன்றாவது ஓலை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவின் கீழ் போடப்படும் தடை உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. அதற்கு மேல் நீட்டிக்க வேண்டுமானால் மாநில அரசே அரசிதழில் அறிவிக்க வேண்டும். நான் சொல்வது அந்தக் காலத்துச் சட்டம். இந்த ஒரு விதியை உரிய நேரத்தில் உரியவர்கள் படித்திருந்தால், என் கல்யாணமும் ஊரில் நடக்கும் மற்றக் கல்யாணங்களைப் போல நடந்திருக்கும். எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அறுபதுகளின் கடைசி. ஓசூருக்கு மேற்கே ஒரு கிராமம். எங்கள் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. பக்கத்து ராஜ்யம் இன்னும் மைசூராகவே இருந்தது. எல்லைக்கல் அந்த ஊரின் கேழ்வரகுக் காட்டுக்குள் நின்றது. அதில் மாடு கட்டுவார்கள். ஊரில் எல்லோருக்கும் மூன்று மொழி தெரியும். சந்தையில் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் குறைத்து, தமிழில் திட்டிவிட்டு வருவார்கள். யாருக்கும் அது விசேஷமாகத் தோன்றியதில்லை.

நான் தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவன். அந்த வட்டாரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். இப்போதும் அங்கே யாராவது நேர்மையாக வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். அவள் அந்தக் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. வீட்டில் கன்னடம் பேசும் கத்தோலிக்கக் குடும்பம். நானும் கத்தோலிக்கன்தான், தமிழ் பேசுபவன். பள்ளிக் கட்டடத்துக்கு ஒரு சான்று கேட்டு என் மேஜைக்கு வந்தாள். இணைப்பு போதாது என்று விதி எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். மறுவாரம் இணைப்போடு வந்தாள். கூடவே, நான் காட்டிய விதி ரத்தாகிவிட்டது என்ற சுற்றறிக்கையின் நகலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவள் முடிவு செய்யச் சற்று நாளானது.

கத்தோலிக்கர்களில் கல்யாணம் நிச்சயமானதும், பையன் பெயரையும் பெண் பெயரையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் எல்லோர் முன்பும் அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று இதற்குப் பெயர். தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லலாம். மூன்று ஓலையும் முடிந்தால்தான் தாலி.

அந்தச் சமயத்தில்தான் ரோமாபுரியில் ஒரு பெரிய மாற்றம் வந்திருந்தது. இனிப் பூசை லத்தீனில் வேண்டாம், மக்கள் மொழியில் இருக்கலாம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கிராமத்தின் தமிழ்த் தெருவும் கன்னடத் தெருவும் சேர்ந்து போன எங்கள் ஒரே கோயிலில், அதுவரை பூசை எல்லோருக்கும் சமமாகப் புரியாமல் இருந்தது. அந்தச் சமத்துவம் போயிற்று. தமிழ்த் தெருவுக்குத் தமிழ் வேண்டும், கன்னடத் தெருவுக்குக் கன்னடம் வேண்டும். சந்தையில் மூன்று மொழி பேசிய வாய்கள் கோயிலுக்குள் வந்ததும் ஒரே மொழிதான் தெரியும் என்று சாதித்தன.

என் முதல் ஓலை தமிழில் வாசிக்கப்பட்டது, மாப்பிள்ளை தமிழன். இரண்டாவது கன்னடத்தில், பெண் அந்தப் பக்கம். மூன்றாவது எந்த மொழியில்? அது, எல்லோரும் கையில் குருத்தோலை பிடித்துக் கோயிலுக்கு வரும் குருத்து ஞாயிறு அன்று வந்தது.

தமிழ்த் தெருவின் தலைவர் ஒரு மேஸ்திரி. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து, அந்தக் கோயிலின் சுவர்களையே எழுப்பியவர். கன்னடத் தெருவின் தலைவர் என் வருங்கால மாமனார். பட்டுப்புழு வளர்ப்பவர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அன்று நகரத்திலிருந்து வந்திருந்த வயதான பங்குச் சாமியார் ஓலையைக் கையில் எடுத்ததும் மேஸ்திரி எழுந்தார்.

“சாமி, ஆரம்பிச்சது தமிழ்ல. முடிக்கிறதும் தமிழ்லதான்.”

“அது எங்க வீட்டுப் பொண்ணு ஓலை, மேஸ்திரி. நீங்க உக்காருங்க” என்றார் மாமனார்.

“பொண்ணு உங்களுது. கோயிலு?”

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார் என்பதற்குப் பதினான்கு சாட்சிகளும் பதினான்கு வாக்குமூலங்களும் உண்டு. முதலில் கையில் இருந்த குருத்தோலையால் அடித்துக்கொண்டார்கள். அதுவரை பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு பெஞ்சு வந்தது. யாரோ பித்தளை மெழுகுவர்த்தித் தண்டைத் தூக்கினார்கள். என் மாமனார் மண்டை உடைந்து பீடத்துக்கு முன்னால் விழுந்தார். வெள்ளை வேட்டி முழுக்க ரத்தம்.

அவர் பிழைத்துக்கொண்டார். அடித்தது யார் என்று போலீஸ் கேட்டபோது, கூட்டத்தில் முகம் தெரியவில்லை என்றார்.

மறுநாள் 144 போட்டார்கள். ஊருக்குள் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது. கோயிலைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். ‘மேற்படி பூட்டையும் முத்திரையையும் எவரும் தொடலாகாது’ என்று ஒரு வாசகம். 144-இல் கோயிலைப் பூட்ட இடம் உண்டா என்பது தனி விவாதம். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான். என் கல்யாணத்தை நானே மூன்று பிரதி எடுத்து நிறுத்திய மாதிரி இருந்தது.

மாமனார் தலையில் கட்டோடு வீட்டில் படுத்திருந்தார். பார்க்கப் போனேன். கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

“ரெண்டு ஓலை வாசிச்ச கோயில்லயே மூணாவதும் வாசிக்கணும். உள்ள நின்னு வாசிக்கணும். மாதா திருநாளுக்குள்ள அது நடக்கலேன்னா, கோலார்லேர்ந்து வந்த சம்பந்தத்துக்குச் சரின்னு சொல்லிடுவேன். அஷ்டே.”

அஷ்டே என்றால் ‘அவ்வளவுதான்’. அவர் அந்தச் சொல்லை உச்சரித்தால் மேல்முறையீடு கிடையாது. மாதா திருநாள் ஆகஸ்டில்.

நகரத்துக் கோயிலில் வாசிக்கலாமே, ஆயரிடம் விதிவிலக்கு வாங்கலாமே என்று அவளிடம் சொன்னேன். வழிமுறைகள் எனக்கு விரல் நுனியில். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நாம வேற எங்கயோ போயி கட்டிக்கிட்டா, இங்க அடிச்சவங்க ஜெயிச்ச மாதிரி. பூட்டுனவங்களும் ஜெயிச்ச மாதிரி. எனக்குப் பேடா.”

வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். அவளுக்கும் மேல்முறையீடு கிடையாது என்பது அன்று தெரிந்தது. அப்பாவின் பெண்.

பங்குச் சாமியார் பயந்துபோய், இனி அந்த ஊருக்கு வரமாட்டேன் என்றார். அவர் இடத்துக்கு ஞாயிறுதோறும் வர ஒருவர் ஒப்புக்கொண்டார். அவரைப் பற்றித்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் பெங்களூரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆன்ம குரு. சாப்ளின் என்பார்கள். மாணவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பது, தேர்வுக்கு முன் ஆசீர்வாதம் செய்வது, காதல் தோல்விக்கு ஆறுதல் சொல்வது: நியமன ஆணையில் இவ்வளவுதான் இருந்திருக்கும். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, பட்டன் போன அங்கி. தாய்மொழி கொங்கணி. தமிழையும் கன்னடத்தையும் தெலுங்கையும் பாரபட்சமில்லாமல் கொலை செய்வார். அதனால் எந்தத் தெருவும் அவரைத் தன் ஆள் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

முதல் ஞாயிறே பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கவில்லை. கூட ஒரு பட்டாளம் கல்லூரி மாணவர்கள். இவர்கள் விடுதியில் மொழிச் சண்டை போட்டு ஒருவர் மேல் ஒருவர் கல்லெறிந்தவர்கள் என்று அவரே அறிமுகம் செய்தார். தமிழ் மாணவர்கள், கன்னட மாணவர்கள் இரண்டு வகையும் இருந்தார்கள்.

“இவங்களை எதுக்கு சாமி கூட்டிக்கினு வந்தீங்க? எங்க சண்டையே போதாதா?” என்றார் மேஸ்திரி.

“படிச்சவன் போடற சண்டை எங்கே போய் முடியும்னு இவங்க பார்க்கணும். மண்டை எங்கே? ரத்தம் எங்கே விழுந்தது? காட்டுங்க.”

யாரும் காட்டவில்லை. கோயில்தான் பூட்டியிருந்ததே.

பூசை வைக்க வேண்டும். ஐந்து பேர் கூடக் கூடாது. சாமி என்னைக் கூப்பிட்டார். நான் எந்த அலுவலகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“நீங்க சட்டம் தெரிஞ்சவர். ஐந்து பேர் கூடாது. நாலு?”

“நாலு பேருக்குத் தடை இல்லை சாமி.”

“நாலு பேர் இங்கே. கொஞ்சம் தள்ளி நாலு பேர். அப்புறம் இன்னும் நாலு?”

எவ்வளவு தள்ளி என்று உத்தரவில் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொன்னேன்.

கோயிலுக்கு முன்னால் இருந்த பொட்டலில் அன்று பூசை நடந்தது. பூட்டிய கதவுக்கு எதிரே ஒரு பள்ளிக்கூட மேஜை. பொட்டல் முழுக்க மக்கள் நாலு நாலு பேராக, கோலப்புள்ளி வைத்த மாதிரி நின்றார்கள். நடுநடுவே சந்து விட்டு மாணவர்கள் நடந்து எண்ணிக்கொண்டே இருந்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரும் எண்ணினார். ஓரிடத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

“சார், அந்தம்மா கையில கொயந்த கீது. கணக்குல சேருமா?”

சட்டம் ‘நபர்’ என்கிறது, வயது சொல்லவில்லை என்றேன். அந்த நாலில் ஒருவர் பக்கத்துக் குழுவுக்கு மாறினார். குழந்தை அன்றைக்கு முழுப் பிரஜையாகப் பூசை கண்டது.

இதில் சாமி ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு நாலிலும் இரண்டு பேர் தமிழ்த் தெரு, இரண்டு பேர் கன்னடத் தெரு. இல்லையென்றால் அந்த நாலுக்கு நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், கிடையாது. முணுமுணுத்தார்கள். தமிழ்த் தெருவில் சில குடும்பங்கள் அப்படியே திரும்பி நடந்தன. அவர்கள் நகரத்துக் கோயிலுக்கே போகத் தொடங்கி, கடைசிவரை திரும்பவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் ஆறிவிட்டது என்று எழுதினால் அது அரசாங்க அறிக்கை.

எங்கள் நாலை சாமியே பிரித்தார். மேஸ்திரி, நான், மாமனார், அவள். மேஸ்திரி கிழக்கே பார்த்தார். மாமனார் மேற்கே பார்த்தார். பீடம் தெற்கே இருந்தது. பல வாரம் இப்படியே போனது. ஜெபத்தைச் சாமி தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை சொல்வார். தமிழ் வரும்போது கன்னடத் தெரு சும்மா நிற்கும், கன்னடம் வரும்போது தமிழ்த் தெரு. நாலு பேருக்குள் இரண்டு பேர் மட்டும் சத்தமாக ஜெபிப்பது எப்படியோ கூச்சமாகிவிட்டது. மெல்ல மெல்ல மற்ற இருவரும் உதட்டை அசைக்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும்தான் இரண்டு மொழியும் தெரியுமே.

ஊர்ப் பெரியவர்கள் சிலர் சாமியிடம் வந்தார்கள். நடந்தது நடந்துபோச்சு, எல்லோரையும் கை கொடுக்கச் சொல்லி ஒரு சமாதான ஜெபம் வைத்துவிடுங்கள் என்றார்கள். சாமிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“நடந்தது தானாக நடக்காது. யாரோ செஞ்சாங்க. செஞ்சவன் வாயைத் திறக்காமல் நான் சமாதானம் சொன்னால், அது உடைஞ்ச மண்டைக்காரனைப் பார்த்து நீ சும்மா இரு என்று சொல்ற மாதிரி. அதுக்கு நான் வரலை. பங்குச் சாமியார் போதும்.”

அந்த ஞாயிறு பிரசங்கத்திலும் அதையே சொன்னார். பெயர் சொல்லிக் கேட்கவில்லை. பீடத்தை விட்டு விலகி, நாலுகளுக்கு நடுவே நடந்துகொண்டே கேட்டார்: “அடிச்சவர் யார்? கடவுளுக்குத் தெரியும். எனக்குத் தெரியணும்னு அவசியம் இல்லை. அடிபட்டவருக்குத் தெரியணும்.” இரண்டு மொழியிலும் கேட்டார். பிறகு பதிலுக்காக நின்றார். பூசையில் அவ்வளவு நேரம் யாரும் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. மண்டை உடைந்ததிலிருந்து மாமனாருக்கு வெயில் ஆகாது. நிற்க முடியாமல் தள்ளாடினார். நான் பிடிப்பதற்குள் மேஸ்திரி அவர் தோளைப் பிடித்துவிட்டார். பிடித்தபடியே, எங்கேயோ பார்த்துக்கொண்டு, வெடுக்கென்று சொன்னார்:

“நான்தான்யா அடிச்சேன். தண்ட நான்தான் தூக்குனேன். போதுமா சாமி?”

பொட்டலில் அத்தனை நாலுகளும் திரும்பின. மாமனார் அவர் கையை உதறவில்லை.

“தெரியும், மேஸ்திரி. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன்.”

“அப்புறம் ஏன்யா போலீசுல சொல்லல?”

“சொன்னா உன்ன உள்ள போடுவாங்க. உள்ள போட்டா நீ எங்கிட்ட வந்து சொல்லமாட்ட.”

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு அந்தத் துண்டை மடித்து மாமனார் தலையில் வெயிலுக்குப் போட்டார். அவ்வளவுதான். காலில் விழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. சாமி பீடத்துக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பூசையைத் தொடர்ந்தார்.

இதற்குள் இரண்டு மாதம் கடந்துவிட்டது. உத்தரவு காலாவதி. நான் முறைப்படி குறிப்பு எழுதி, பூட்டை அகற்றலாம் என்று அதிகாரியின் மேஜையில் வைத்தேன். அவர் படித்தார்.

“உத்தரவு லாப்ஸ் ஆயிட்டா பூட்டு தானா தொறந்துக்குமாய்யா? தொறக்கறதுக்கு ஓர் உத்தரவு வேணாமா?”

“போட்ட உத்தரவே இப்போது செல்லாது என்றால், எடுக்க உத்தரவு எதற்கு சார்?”

“மறுபடி தகராறு வந்தா யாரு பொறுப்பு? நீயா? மேல எழுது. தெளிவுரை வரட்டும்.”

மேலே எழுதினேன். சாமியும் தனியாக ஒரு மனு அனுப்பினார்: எங்கள் கோயிலைத் திறந்துவிடுங்கள், இனிச் சண்டை வராது, வந்தால் நான் பொறுப்பு. மனு பெறப்பட்டதாகக்கூடப் பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினார். நினைவூட்டுக்கு ஒரு நினைவூட்டு அனுப்பினார். படிவங்களை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஜூன் போய் ஜூலை போயிற்று. கோலார் வரனின் வீட்டார் ஒருமுறை வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். தடை இல்லாமலே மக்கள் நாலு நாலாக நின்று பூசை கண்டார்கள். பழகிவிட்டது.

மாதா திருநாளுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஞாயிறு மிச்சம் இருந்தபோது, பூசை முடிந்து நாங்கள் நால்வரும் சாமியும் அந்தப் பள்ளிக்கூட மேஜையைச் சுற்றி நின்றிருந்தோம். எனக்குத் தெரிந்த எல்லா வழியும் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவள் கேட்டாள்:

“அந்த உத்தரவுல என்ன இருக்கு? நீங்கதான டைப் அடிச்சீங்க, சரியாச் சொல்லுங்க.”

“பூட்டையும் முத்திரையையும் எவரும் தொடலாகாது.”

“சுவரைத் தொடக் கூடாதுன்னு இருக்கா ரீ?”

ரீ என்றால் ‘ஏங்க’. அப்படி இல்லை என்றேன். மேஸ்திரி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு கோயில் வாசலைப் பார்த்தார். அவர் முகத்தில் கண்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

“வாசல் நெலைய அப்படியே பேத்து எடுத்துடலாம். கதவு, பூட்டு, அரக்கு எதுவும் அசையாது. நான் கட்டுன சொவரு. நான் இடிக்கிறேன், எவன் கேக்கறான்?”

“தனியா இடிக்காத. நானும் வரேன்” என்றார் மாமனார்.

நான் சாமியைப் பார்த்தேன். ஒரு குரு இதைத் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். மனசுக்குள் தடுக்கவேண்டும் என்று கொஞ்சம் விரும்பவும் செய்தேன், அரசு ஊழியன். அவர் மாணவன் ஒருவனிடம் தாள் வாங்கி மேஜை மேல் வைத்து எழுதத் தொடங்கினார். ‘வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் எங்கள் கோயிலுக்குள் போகிறோம். தங்கள் பூட்டை யாரும் தொடமாட்டோம். இதற்கு முழுப் பொறுப்பு நான் ஒருவனே.’ கையெழுத்திட்டார். ‘பல்கலைக்கழக ஆன்ம குரு’ என்று பதவியையும் எழுதினார்.

“சாமி, முன்னாடியே சொன்னா நிறுத்திடுவாங்களே” என்றேன்.

“ஒளிஞ்சு செஞ்சால் அது திருட்டு. நம்ம வீட்டுக்குள்ளே நாம் போகப் போறோம். அவங்களுக்குத் தெரிஞ்சு போகணும்.”

கடிதத்தை நானே எடுத்துப்போய் அலுவலகத்தில் பதிவு செய்தேன். அதிகாரி படித்துவிட்டு ‘கோப்பில் வைக்க’ என்று எழுதினார். மாதக்கணக்காகக் கதவைத் திறக்காமல் வைத்திருந்த அதே மந்திரம், இந்தத் தடவை எங்களுக்கு உதவியது.

ஞாயிறு காலை. மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். மாமனார் தலையில் துண்டோடு வந்தார். நிலையைச் சுற்றி இரண்டு பேரும் சுவரைக் கொத்தினார்கள். மேஸ்திரி விரட்டிக்கொண்டே இருந்தார்: “ஏங்க பட்டுப்பூச்சி, இது கம்பளிப்புழு இல்ல, கல்லு. ஓங்கி அடிங்க. என்னிய அடிக்கிற மாதிரி நெனச்சு அடிங்க.” மாமனார் அப்படித்தான் அடித்தார் போலிருந்தது. காரை பெயர்ந்தது. இரண்டு தெரு ஆட்களும் மாணவர்களும் சேர்ந்து, நிலையும் கதவும் பூட்டும் முத்திரையும் ஒரே துண்டாக வெளியே எடுத்து, தேர் தூக்குகிற மாதிரி தூக்கிப்போய்ப் பக்கத்துச் சுவரில் சாய்த்தார்கள். அரக்கில் ஒரு கீறல் இல்லை. நான் குனிந்து பார்த்தேன், வேலைப் பழக்கம்.

உள்ளே இருட்டும் வௌவால் நாற்றமுமாக இருந்தது. பீடத்துக்கு முன்னால் கறை காய்ந்து கிடந்தது. சாமி அதைக் கழுவ விடவில்லை. மாணவர்களைக் கூப்பிட்டு முதலில் அதைப் பார்க்கச் சொன்னார். பிறகு எல்லோரும் மிதிக்காமல் அதைச் சுற்றிப் போய் நின்றார்கள். சாமி ஓலையை எடுத்தார்.

மேஸ்திரி எழுந்தார்.

“சாமி, கன்னடத்துலயே வாசிச்சிடுங்க.”

“பேடா சாமி. தமிழ்லயே இருக்கட்டும்” என்றார் மாமனார்.

“நான்தான் சொல்றேனே, கன்னடத்துல வாசிங்கன்னு!”

“எங்க பொண்ணு ஓலை, நான் சொல்றேன், தமிழ்!”

குரல்கள் ஏறின. இரண்டு தெருவும் எழுந்து நின்றன. சாமி கையை உயர்த்தினார்.

“இன்னும் ஒரு வார்த்தை பேசினால் நான் லத்தீனுக்குப் போய்விடுவேன்.”

கோயிலே சிரித்தது. அவர் இரண்டு மொழியிலும் வாசித்தார். இரண்டிலும் என் பெயரைத் தப்பாக உச்சரித்தார். தடை அறிந்தவர் உண்டா என்று கேட்டபோது, வெளியே சுவரில் சாய்ந்திருந்த கதவைத் தவிரத் தடை எதுவும் இருக்கவில்லை. அடுத்த புதன்கிழமை, வாசல் இருந்த இடத்தில் வாழை கட்டி, எங்கள் கல்யாணம் நடந்தது.

அதிகாரி கல்யாணத்துக்கு மறுநாள் போலீஸோடு வந்தார். ஓட்டையைப் பார்த்தார். சாய்ந்திருந்த கதவைப் பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார்.

“யாரு தொட்டது இதை?”

“நீங்கதான் சார், இப்போ” என்றாள் என் மனைவி.

ஆய்வறிக்கை எழுத வேண்டியது என் வேலை. ‘பூட்டும் முத்திரையும் பழுதின்றி உள்ளன’ என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் அதைவிட உண்மையான வாக்கியம் நான் எழுதியதில்லை. அந்த மாதமே ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ என்னை ஊத்தங்கரைக்கு மாற்றினார்கள். சாமியை அவருடைய மேலிடம் கூப்பிட்டு, மாணவர்களோடு மட்டும் இருக்கும்படி எச்சரித்தது. அவர் பணிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறும் மாணவர்களோடுதான் இருந்தார். மாணவர்கள் எங்கள் ஊர்ப் பொட்டலில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிக்குச் சிற்றாள் வேலை.

அந்தக் கிராமத்தைச் சுற்றி இப்போது தொழிற்சாலைகள். அங்கே வேலைக்கு வருபவர்கள் இன்னும் நாலைந்து மொழிகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கோயிலில் அவ்வப்போது மொழித் தகராறு வருவதாகக் கேள்விப்படுகிறேன். வரட்டும். தகராறு வராமல் இருப்பதல்ல சமாதானம் என்பதை ஒரு பட்டன் போன அங்கிக்காரரிடம் கற்றேன். செய்தவன் நான்தான் என்று ஒருவன் வெயிலில் நின்று சொல்லும்வரை காத்திருக்கும் துணிச்சல் அது. அந்தக் காத்திருப்பும் அனுமதிக்காகக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்பதையும் அவரிடமே கற்றேன். சாமியின் மனுவுக்குப் பதில் வராமல் போகவில்லை. ‘பரிசீலித்ததில், மேற்படி கோயிலைத் திறக்க ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரி, எங்கள் மூத்த மகள் எட்டு வயதில் அதே கோயிலில் இரண்டு மொழியிலும் ஜெபம் சொல்லிப் புதுநன்மை வாங்கிய வருடம், மாதா திருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.